தண்ணீர் வந்த வழியே

கார்த்திகை முதல் தேதி விடியற்காலை மயிலாடுதுறை துலாக் கட்டத்தில் இறங்கினேன். ஐப்பசி முழுக்க அங்கே முழுக்குக்குக் கூட்டம் வரும். கடைசி நாளான கடைமுகத்தன்று படிக்கட்டில் கால் வைக்க இடமிருக்காது. அதற்கு மறுநாள் முடவன் முழுக்கு. ஐப்பசிக்குள் காவிரியில் முழுகிவிட வேண்டும் என்று கால் விளங்காத ஒருவன் எங்கிருந்தோ புறப்பட்டு வந்தானாம். வந்து சேர்வதற்குள் மாதம் முடிந்துவிட்டது. மயூரநாதர் அவனுக்காக முழுக்கை ஒரு நாள் நீட்டிக் கொடுத்தார். சிறுவயதிலிருந்து கேட்ட கதை. ஆனால் அவன் எத்தனை நாள் வந்தான், எந்தத் திண்ணையில் படுத்தான், யார் சோறு போட்டார்கள், வாய்க்கால்களைத் தாண்ட யார் தூக்கிவிட்டார்கள் என்பதெல்லாம் கதையில் வராது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு எனக்கு அதைத்தான் கேட்கத் தோன்றியது.

அப்போது எனக்கு 60 வயது. 33 வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிவிட்டு ஓய்வுபெற்று ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. அதுவரை வெளியூரில் ஓர் இரவுகூடத் தனியாகத் தங்கியதில்லை. கல்யாணம், காரியம், பயிற்சி முகாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுலா என்று போனதெல்லாம் யாரோ ஒருவருடைய பொறுப்பில், அல்லது யாரையாவது என் பொறுப்பில் வைத்துக்கொண்டு போனவை. ஈரப்புடவையைப் பிழிந்துகொண்டே, இந்த ஆறு வந்த வழியே தலைக்காவிரி வரை போய்விடுவது என்று முடிவு செய்தேன். மகனிடம் போனில் சொன்னபோது, "யாரும்மா கூட வர்றா?" என்றான். யாருமில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "போன்ல சார்ஜ் வச்சுக்கம்மா" என்றான்.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். திருத்துறைப்பூண்டிப் பக்கம், முள்ளியாற்றில் தண்ணீர் வாங்கும் ஒரு வாய்க்காலின் தலைப்பில் அவருடைய ஷட்டர் இருந்தது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு ஊர். அப்புறம் உப்பு மண், கடல். கடைமடை என்றால் அதுதான். மேட்டூரை ஜூன் 12ஆம் தேதி திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து எங்கள் ஷட்டருக்கு வரப் பத்து நாளாகும், பதினைந்து நாளாகும், சில வருடம் வராமலே போகும். அப்பா காலையும் மாலையும் அளவுக்கல்லைப் பார்த்துத் தண்ணீர் நிற்கும் உயரத்தை நோட்டில் எழுதுவார். ஆறு காய்ந்து கிடக்கிற மாதங்களிலும் கரையேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சுழி போடுவார். வீட்டிலிருந்தே சுழி போட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "போய்ப் பாக்காம எப்படி பாப்பா எழுதறது?" என்றார். அவர் பார்த்த உலகத்துக்கு மேற்கு எல்லை கல்லணை. இலாகா வேலையாக ஒருமுறை அங்கே போய்வந்ததை எங்களிடம் இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் ராத்திரி எந்நேரமும் வாசலில் ஆள் நிற்கும். மேலே பலகையை இழுத்துவிட்டான், மடையை அடைத்துவிட்டான் என்று புகார். அப்பா அரிக்கேன் விளக்கோடு கரையில் போவார். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து அந்த வெளிச்சம் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்ப்போம். 'மேல இருக்கறவன் எடுத்துக்கிட்டான்' என்ற வாக்கியம் எங்கள் ஊரில் பிள்ளைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்வது. அதை நான் தண்ணீரோடு விட்டுவிடவில்லை. அண்ணன்கள் படிப்புக்கு நிலம் விற்று எனக்கு டீச்சர் டிரெய்னிங்கோடு நிறுத்தியபோது அது வந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் தள்ளிப்போனபோதும், கல்யாணமான வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தபோதும் வந்தது. அதில் உண்மையும் இருந்தது. பங்கு குறைந்தது நிஜம். ஆனால் கைக்கு வந்ததையும் அளந்து, இதற்கு மேல் எவ்வளவு இருந்திருக்கும் என்று மனம் மேற்கே பார்த்தபடியே இருந்ததில் பல நல்ல நாட்கள் எனக்குத் தெரியாமலே போயின. மகன் பிறந்த நாளைப் பற்றி யோசித்தால்கூட, யார் வந்து பார்க்கவில்லை என்பதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

புதிதாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். தமிழ்நாட்டில் 2021இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. ஒன்றை விட்டு ஒன்று ஏறி, கிடைக்காத இடத்தில் காசு கொடுத்து வெளியூர் பஸ் பிடித்துப் போனேன். பூக்கூடைக்காரிகள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவிகள் எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கும்பகோணம், திருவையாறு எல்லாம் தெரிந்த ஊர்கள், நிற்கவில்லை.

கல்லணையில் நின்றேன். கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று தண்ணீர் நாலாகப் பிரியும் இடம். எங்கள் ஊர்த் தண்ணீர் வெண்ணாற்றில் திரும்புகிறது. ஷட்டர் ஏற்றி இறக்கும் பல்சக்கரங்களுக்கு அன்று கிரீஸ் போட்டிருந்தார்கள். அந்த வாசனை வந்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்பா சாப்பிட உட்காரும்போது அவர் கையில் இருந்த வாசனை.

முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பக்கத்து ஷட்டர்கள் ஒன்பது வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. 1836இல் கட்டிய அணை. 2018 ஜூலையில் மேட்டூர் 120 அடி நிரம்பியது; எங்கள் பள்ளியில் செய்தி வாசிப்பில் அதைச் சொன்னதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். மாதம் திரும்புவதற்குள் கொள்ளிடத்தில் வெள்ளம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வாய்க்காலில் கணுக்கால் நனையவில்லை. அப்பாவுக்கு அப்போது 80 வயது. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு "ஒம்பது ஷட்டரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வருடம் அவர் இல்லை. இப்போது அங்கே புதுக் கதவணை நிற்கிறது. நோட்டில் தேதி போட்டு, 'பார்த்தேன்' என்று எழுதினேன்.

மேட்டூரில் அணைக்கட்டைப் பார்க்கும்போது இத்தனை வருடம் வானொலியில் கேட்ட எண்ணுக்கு ஓர் உடம்பு வந்தது. அணையின் மேல் பக்கத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர், பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் வற்றினால் ஒரு நந்தியும் சர்ச் கோபுரமும் தலைகாட்டும் என்றார். 1934இல் அணை நிரம்பியபோது மூழ்கிய ஊர்களில் மிஞ்சியவை அவை. "எங்க தாத்தா காலத்துல அங்க வெவசாயம்" என்று தண்ணீரைக் கையால் காட்டினார். அது வருத்தமாகச் சொன்ன மாதிரியே இல்லை; பக்கத்துத் தெருவைக் காட்டுவதுபோல் காட்டினார். எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருவதற்காக அவர்கள் வயல் உள்ளே போயிருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் மேட்டூர் மேட்டூர் என்று சொல்லிக்கொண்டிருந்த என் வாயில் அந்த ஊர்களில் ஒன்றின் பெயர்கூட இல்லை. டீக்குக் காசு கொடுக்கப் போனேன். அவர் முன்பே கொடுத்திருந்தார்.

ஒகேனக்கலில் நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பரிசல்காரர் என்னைப் பார்த்து, "ஏம்மா, நடுவுல குந்து" என்றார். 33 வருடம் டீச்சராக இருந்தவளை ஊரில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். குந்தினேன். பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆழமான, அசையாத தண்ணீரில் போய், துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டுப் பரிசலைச் சுற்றிவிட்டார். பாறையும் வானமும் அருவிப் புகையும் ஒன்றாகச் சுழன்றன. பயத்தில் அலறத்தான் வாயைத் திறந்தேன், வந்தது சிரிப்பு. நிறுத்த முடியாத சிரிப்பு. அந்த ஓசை எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது. பரிசல்காரர் நிறுத்தப் போனபோது, "இன்னொரு வாட்டி" என்றேன். எத்தனையோ பேர் பயணத்தில் கிடைக்கும் சந்தோஷத்தைப் பார்த்த காட்சியின் கணக்கில் எழுதுகிறார்கள். எனக்கு அன்று அருவி சரியாகக் கண்ணில் படக்கூட இல்லை. என்னைத் தெரிந்த யாரும் இல்லாத ஓர் இடத்தில், உட்கார் என்றால் உட்கார்ந்து, இன்னொருவர் கைத்துடுப்பை நம்பி, என் பங்கு எவ்வளவு என்ற நினைப்பே வராமல் முழுசாகக் கழிந்த ஒரு கால்மணி நேரம் அது. கரையேறிய பிறகுதான், அந்த நினைப்பு வரவில்லை என்பதே உறைத்தது.

மறுபடி மேட்டூர் வந்து, மாதேஸ்வரன் மலை வழியாகக் கொள்ளேகாலம் போய், மளவள்ளி பஸ்ஸில் ஏறினேன். இங்கிருந்து எனக்குப் பயம். 1991இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி பெங்களூரில் தமிழர்கள் அடிபட்டதைப் பேப்பரில் படித்தவள். 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்ததை டிவியில் பார்த்தவள். எந்த ஊர் என்று கேட்டால் சேலம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். பெங்களூரில் துணி தைக்கும் கம்பெனியில் தமிழ்ப் பெண்களோடு பல வருடம் வேலை பார்த்தவள். தமிழ் பாதி, கன்னடம் பாதியாகப் பேசினாள். எந்த ஊர் என்று கேட்டாள். பொய் வாய்வரை வந்து நின்றுவிட்டது. "காவிரி கடல்ல சேர்ற பக்கம்" என்றேன்.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, "நாங்க கொனெ பாகா" என்றாள். எனக்குப் புரியவில்லை. இடது உள்ளங்கையை விரித்தாள். மணிக்கட்டைத் தொட்டு, "இங்க கே.ஆர்.எஸ்." என்றாள். கிருஷ்ணராஜ சாகர் அணை. அங்கிருந்து வரும் விஸ்வேஸ்வரய்யா கால்வாயை அவர்கள் நாலெ என்கிறார்கள். உள்ளங்கை ரேகை வழியே விரலை இழுத்து மண்டியாவைக் காட்டினாள், மத்தூரைக் காட்டினாள், அப்புறம் சுண்டுவிரல் வழியே போய் நகத்தின் நுனியில் நிறுத்தினாள். "இங்க எங்க ஊரு. நீர் வராது. மேல இருக்கறவங்க எடுத்துக்கறாங்க."

அதே வாக்கியம். எங்கள் வாசலில், எங்கள் அரிக்கேன் வெளிச்சத்தில் பிறந்தது என்று நான் நினைத்திருந்த வாக்கியம். நான் என் உள்ளங்கையை விரித்து, மணிக்கட்டில் மேட்டூரை வைத்து, நகத்தில் எங்கள் ஷட்டரைக் காட்டினேன். அவள் என் நகத்தைத் தொட்டுப் பார்த்தாள். பஸ் குலுங்கியதில் இரண்டு கையும் இடித்துக்கொண்டன.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு என்று சொன்ன 177.25 டிஎம்சியில் ஒரு சொட்டையும் விட்டுத்தரச் சொல்லி நான் எழுதவில்லை. கடைமடையில் காய்ந்த நாற்றைப் பார்த்தவளால் அப்படிச் சொல்ல முடியாது. உரிமை கேட்க வேண்டியதுதான், மன்றத்தில் நின்று கேட்க வேண்டியதுதான். ஆனால் நான் உரிமையோடு சேர்த்து ஒரு முகத்தையும் சுமந்துகொண்டிருந்தேன்: மேலே இருக்கிற, வயிறு நிறைந்த, எங்களைப் பற்றி நினைக்காத ஒருவனுடைய முகம். அந்த முகத்தைத் தேடிக்கொண்டு மேலே போனால், அங்கே இருந்தவளும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு அவள் வீட்டில்தான் படுத்தேன். லாட்ஜ் பார்க்கிறேன் என்றதற்குப் பையைப் பிடுங்கிக்கொண்டாள். ராகி முத்தெ, கீரைச் சாறு. களியை மெல்லக் கூடாது, சாற்றில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும் என்று அவள் பேரன் செய்து காட்டினான். எனக்கு வரவில்லை, வீடே சிரித்தது. இருப்பதிலேயே நல்ல பாயை எனக்கு விரித்தார்கள். பிறந்ததிலிருந்து சோறு போட்டே பழகிய கை, வாங்கிச் சாப்பிடக் கூசியது. இரண்டாவது கவளத்தில் கூச்சம் போயிற்று. பாயில் படுத்துக்கொண்டு முடவனை நினைத்தேன்.

கிருஷ்ணராஜ சாகரத்தின் முழு அளவு 124.80 அடி. எங்களுக்கு 120 எப்படியோ அப்படி மண்டியாவில் டீக்கடையில் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். புள்ளிக்குப் பிறகு வரும் எண்பதையும் விடாமல். நோட்டில் குறித்துக்கொண்டேன்.

குஷால்நகர் தாண்டி மடிக்கேரிக்கு ஏறும்போது காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலுக்கு வெளியே ஒரு மலையைக் காட்டி, 2018இல் சரிந்தது என்றார். முழுவதும் பச்சைதான். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் நடுவில் ஒரு பட்டை மட்டும் இளம்பச்சையாக, மரமில்லாமல் தெரிந்தது. அதே ஆகஸ்ட். முக்கொம்பில் ஷட்டரைப் பெயர்த்த வெள்ளம், அதற்கு முன்னால் இங்கே மலையை வீடுகளோடு கீழே இறக்கிவிட்டு வந்த மழைதான். 2020 ஆகஸ்டிலும் தலைக்காவிரியை ஒட்டிய சரிவில் மண் இறங்கித் தலைமை அர்ச்சகரின் வீட்டை மூடியது. குடகில் நல்ல மழை என்று பேப்பரில் பார்த்தால் எங்கள் வீட்டில் சாமிக்குச் சூடம் ஏற்றுவோம். இன்னும் பெய்யட்டும் என்றுதான் அம்மா கும்பிடுவாள். நானும் கும்பிட்டிருக்கிறேன்.

தலைக்காவிரியில் ஆறு இல்லை. கடல்மட்டத்துக்கு 1,276 மீட்டர் உயரத்தில், பிரம்மகிரியின் சரிவில், கை நீட்டினால் அந்தப் பக்கத்து விளிம்பைத் தொட்டுவிடலாம் என்கிற அளவில் ஒரு சின்னத் தொட்டி. ஐப்பசி பிறக்கும் துலா சங்கராந்தியன்று அதில் நீர் பொங்கி எழும் என்று கூடுவார்கள். நான் போன அன்று அது ஆடாமல் அசையாமல் இருந்தது. இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இறங்கி, கீழே வேறோர் இடத்தில்தான் ஆறாக வெளியே வருகிறது. நோட்டை எடுத்தேன். தேதி போட்டேன். அளவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா இருந்தால் எழுதியிருப்பார்.

அடிவாரத்தில் பாகமண்டலா. கன்னிகே ஆறு வந்து காவிரியோடு சேரும் துறை. படியில் ஒரு கொடவப் பாட்டி உட்கார்ந்திருந்தாள். புடவைக் கொசுவம் பின்பக்கம் இருந்தது. காவிரி ஆறாகி ஓடியபோது தடுக்க நின்ற பெண்களின் கொசுவத்தை வெள்ளம் பின்னால் தள்ளிவிட்டதாம், அன்றிலிருந்து இப்படித்தான் கட்டுகிறார்களாம். இதை எனக்குச் சொன்னது காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண். அவள் தாத்தா காலத்தில் சேலத்துப் பக்கமிருந்து வந்தவர்கள். நான் எங்கிருந்து வருகிறேன் என்பதை அவள் பாட்டியிடம் சொன்னாள். பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். தோட்டத்துப் பெண் திருப்பிச் சொன்னாள்:

"அவ அங்க நல்லாருக்காளான்னு கேக்கறாங்கக்கா."

முதலில் யாரைக் கேட்கிறாள் என்றே பிடிபடவில்லை. இங்கே காவிரி அவர்கள் வீட்டுப் பெண். சங்கராந்தியில் வெள்ளரிக்காயையோ தேங்காயையோ சிவப்புப் பட்டில் சுற்றி, பூவும் நகையும் வைத்து அவளாகப் பாவித்துக் கும்பிடுகிறார்கள். எங்கள் பக்கம் ஆடி 18க்கு அவள் மசக்கைக்காரி. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று அவளுக்கு ஆசைப்பட்டதெல்லாம் கிளறி எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறோம். காதோலையும் கருகமணியும் விடுகிறோம். ஸ்ரீரங்கத்தில் பெருமாளே அம்மா மண்டபத்துக்கு வந்து அவளுக்குச் சீர் கொடுக்கிறார். இதையெல்லாம் சொன்னேன். பாட்டி ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மசக்கை என்றதும் தோட்டத்துப் பெண்ணின் கையைப் பிடித்து அந்த வார்த்தையை இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள்.

மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். கோடையில் வெறும் மணல்தான், பல இடத்தில் அந்த மணலும் இல்லை. சில வருடம் எங்கள் வாசல் வரைக்கும் அவளால் வர முடிவதில்லை. இதைச் சொல்லும்போது என் குரலில் பழைய புகார் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். கட்டிக்கொடுத்த வீட்டில் பெண் எப்படி இருக்கிறாள் என்று தாயிடம் மறைக்காமல் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். பாட்டி பேசவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, கோயில் வாசல் கடைக்குப் போய் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிவந்து, காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்தாள்.

வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றுகூட உடையவில்லை. இப்போது அப்பாவின் தகரப் பெட்டியில், அவருடைய நோட்டுகளுக்கு நடுவில் இருக்கிறது. ஆடி 18க்கு இன்னும் ஏழு மாதம்.

தினமும் பேப்பரில் பார்த்து என் நோட்டில் எழுதுகிறேன். முதல் பத்தியில் மேட்டூர். இரண்டாவதில் கே.ஆர்.எஸ். மூன்றாவதாக மடிக்கேரி மழைக்கு நேற்றுத்தான் கோடு போட்டேன்.